எலியாவின் மலையும் ஹல்துமுல்லை மலையும்

இறைவாக்கினரான எலியா ஒருநாள் சாக விரும்பினார். அரசர்களின் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. கார்மேல் மலையில் பாகாலின் பூசாரிகள் 450 பேருக்கு எதிரே தன்னந்தனியராய் நின்று வென்றவர் அவர். அவரே யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலை நிலத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு செடியின் நிழலில் விழுந்து கிடந்தார். தம் உயிரை எடுத்துவிடும்படி ஆண்டவரை மன்றாடினார்.

ஆண்டவர் அவருக்கு என்ன பதில் சொன்னார்? ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரைத் தூங்கவிட்டார்.

சிறிது நேரம் சென்றதும் வானதூதர் வந்து தட்டியெழுப்பினார். தலைமாட்டில் தணலிலே சுட்ட அப்பமும் ஒரு சாடித் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்துவிட்டார். தூதர் அவரைக் கண்டிக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோதும் உண்ணும்படியே சொன்னார், போக வேண்டிய வழி நெடியது என்பதற்காக. அதன் பின்னரே நாற்பது நாள் பயணம். அதன் பின்னரே ஓரேப் மலை. அதன் பின்னரே அந்த மெல்லிய குரல்.

இந்த ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும். முதலில் உறக்கம், பிறகு உணவு, பிறகு பயணம், அப்புறம் அமைதி, அமைதியின் உள்ளே ஆண்டவரின் குரல். களைத்துக் கிடக்கும் மனிதனிடம் கடவுள் பிரசங்கம் செய்வதில்லை. அவனுக்கு ஓய்வு கொடுத்து, ஆளாக்கி, பிறகுதான் பேசுகிறார்.

மௌனத்தைப் பற்றியும் தியானத்தைப் பற்றியும் நாம் பேசும்போதெல்லாம் நம் மலையக மக்களிடமிருந்து நியாயமான ஒரு கேள்வி வருகிறது: "சாமி, மௌனமாக இருக்கச் சொல்கிறீர்கள், தியானம் செய்யச் சொல்கிறீர்கள். எங்களுக்கு அதற்கு நேரம் எங்கே? இடம் எங்கே?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது தர்மமாகாது. ஆகவே இவ்வாரம் எலியாவையும் கூட்டிக்கொண்டு ஊவாவின் மலைகளுக்கே போவோம்.

காற்றிலும் இல்லை, அதிர்ச்சியிலும் இல்லை

பலாங்கொடையிலிருந்து பதுளை நோக்கி ஏறும் பெருந்தெருவில், பெரகலைச் சந்திக்குக் கீழே, மலையின் தோளில் அமர்ந்திருக்கிறது ஹல்துமுல்லை. அங்கு நின்று தெற்கே பார்த்தால் தாழ்நிலம் முழுவதும் பாய் விரித்தாற்போல் தெரியும். காற்றுக்குப் பேர்போன இடம் அது. கச்சான் காலத்தில் ஹப்புத்தளைக் கணவாயில் வீசும் காற்று ஆளையே தள்ளும். எலியா மலைக்கெபியில் நின்றபோது பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று அடித்தது என்று வேதாகமம் சொல்வதை, இந்த மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

காற்றுக்குப் பின் நிலநடுக்கம், நிலநடுக்கத்துக்குப் பின் நெருப்பு என்று அந்த அதிகாரம் தொடர்கிறது. மலை அதிர்வது என்றால் என்ன என்பதையும் ஹல்துமுல்லைப் பிரதேசம் அறிந்துகொண்டது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரம். கொஸ்லாந்தைக்கு அருகே மீறியபெத்தை தோட்டத்தில், காலை வேளையில், மலை இடிந்து இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பலருடைய உடல்களை மண்ணிலிருந்து எடுக்கவே முடியவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் சேறும் பாறையுமே இருந்தன.

இப்படியான நாட்களில் கடவுள் பெயரால் அவசரமாகப் பேசுகிறவர்கள் எப்போதும் உண்டு. கடவுள் தண்டித்தார் என்பார்கள். கடவுள் சோதித்தார் என்பார்கள். நமது ஆண்டவரிடமும் இந்தப் பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை எடுத்துச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்காஸ் 13). இதற்கு மேல் நாம் என்ன சொல்வது? எலியாவின் கதையும் இதையே சாட்சி சொல்கிறது. ஆண்டவர் அந்தப் பெருங்காற்றில் இருக்கவில்லை. அந்த நிலநடுக்கத்தில் இருக்கவில்லை. மீறியபெத்தையின் மண்சரிவிலும் அவர் இருக்கவில்லை என்று நாம் துணிந்து விசுவசிக்கலாம்.

அப்படியானால் எங்கே இருந்தார்? எல்லாம் ஓய்ந்த பின் வந்த அமைதியில் இருந்தார். மண்வெட்டி பிடித்துத் தோண்டியவர்களின் மூச்சில் இருந்தார். சோற்றுப் பொதியோடும் துணிமூட்டையோடும் வந்து, சொல்ல வார்த்தையின்றி நின்றவர்களிடத்தில் இருந்தார். யோபுவின் நண்பர்கள் அவனைக் காண வந்தபோது, ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையிலே உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அந்த ஏழு நாட்களே அவர்கள் செய்த மிகச் சிறந்த ஊழியம். வாயைத் திறந்த பிறகுதான் பிழை செய்யத் தொடங்கினார்கள். துக்க வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு கிறிஸ்தவனும் இதை மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

ஆனால் மௌனத்தில் ஆண்டவர் ஆறுதல் மட்டும் சொல்வதில்லை. கேள்வியும் கேட்கிறார். நீ இங்கே என்ன செய்கிறாய் என்றுதான் எலியாவிடம் கேட்டார். மீறியபெத்தையைப் பற்றியும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த நிலம் ஆபத்தானது, அங்குள்ளவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். குரல் வந்தது, கேட்பவர்கள் இல்லை.

மலை இடிவதற்கு முன்னர் பெரும்பாலும் மெல்லப் பேசும் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். சுவரிலும் தரையிலும் புதிதாக விரிசல் காணும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். ஊற்று நீர் திடீரெனக் கலங்கும், அல்லது நின்றுபோகும். இவையெல்லாம் சிறிய அடையாளங்கள். இரைச்சலில் இருப்பவனுக்கு இவை தெரியா. நின்று கவனிக்கிறவனுக்கே தெரியும். ஆத்துமத்திலும் அப்படித்தான். ஒரு குடும்பம் ஒரே நாளில் இடிவதில்லை. கணவன் மனைவிக்கிடையே பேச்சுக் குறைவது, பிள்ளை வீட்டுக்கு வரப் பின்வாங்குவது, செபமாலை மெல்ல நின்றுபோவது என்று விரிசல்கள் முன்னதாகவே தோன்றுகின்றன. மௌனமாய் இருந்து பார்க்கிற பழக்கம் உள்ள வீட்டிலே அவை காலத்தோடு கண்ணில் படுகின்றன.

பார்வோன் சொன்ன சொல்

இனி, நேரம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம்.

இஸ்ராயேல் மக்கள் எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தபோது, பாலை நிலத்தில் மூன்று நாள் வழி சென்று தங்கள் கடவுளை வழிபட விடை கேட்டார்கள். பார்வோன் என்ன செய்தான் என்பதை யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்றான். வேலை போதாததால்தான் வழிபாட்டு நினைவு வருகிறது என்றான். வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் குறையாமல் கேட்டான். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று அழைப்பது பார்வோன் காலத்து வழக்கம். அது இன்னும் மறையவில்லை.

அந்தப் பார்வோனின் கையிலிருந்து மீட்ட மக்களுக்குத்தான் ஆண்டவர் ஓய்வுநாளைக் கொடுத்தார். பத்துக் கட்டளைகள் வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், ஆகையால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம் சொல்லப்படுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. ஆகவே ஓய்வுநாள் பக்திக் கடமை மட்டுமல்ல, விடுதலையின் அடையாளமும் ஆகும். அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. கடவுளுடைய பிள்ளைக்கு உண்டு.

திருச்சபை இந்த உரிமையை இலேசாக விட்டுக்கொடுத்ததில்லை. 321ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீன் பேரரசன் ஞாயிற்றுக்கிழமையைச் சட்டப்படி ஓய்வுநாள் ஆக்கினான். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்றும், அது வெறுமனே வேலையின்றி இருப்பதற்காக அல்ல, அவன் தன் ஆத்துமத்தையும் தன் கடவுளையும் நினைப்பதற்காக என்றும் போதித்தார். அந்தப் பாப்பரசரின் பெயரையே 2025இல் தெரிவு செய்யப்பட்ட பாப்பரசர் 14ஆம் சிங்கராயரும் சூடிக்கொண்டார். தொழிலாளர் பிரச்சினையை மனதில் கொண்டே இப்பெயரை எடுத்ததாக அவர் தெரிவித்திருக்கிறார்.

நமது நாட்டிலும் ஒரு காலம் இருந்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளைப் பின்பற்றிய போயா நாட்களே விடுமுறை. ஞாயிறன்று அலுவலகங்களும் பாடசாலைகளும் திறந்திருந்தன. கத்தோலிக்கர் வேலைக்கு முன்னோ பின்னோதான் திருப்பலிக்குப் போக முடிந்தது. அந்த ஆண்டுகளில் வாழ்ந்த நம் பெற்றோரும் பாட்டன்மாரும் ஞாயிறை விட்டுவிடவில்லை. இன்று ஞாயிறு நமக்கு முழுமையாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கிடைத்ததை நாம் என்ன செய்கிறோம்?

தோட்டத்தில் ஞாயிறு எப்படிக் கழிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாரம் முழுதும் தாய் மலைக்குப் போகிறாள். பிரட்டுக்கு முன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டுகிறாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்ற பயத்தோடு நாள் போகிறது. ஞாயிறு வந்ததும் ஓய்வா? அன்றைக்கு விறகு பொறுக்க வேண்டும், பீலியடியில் ஒரு கிழமை உடுப்பைத் துவைக்க வேண்டும், வீடு மெழுக வேண்டும், எல்லோருக்கும் சமைக்க வேண்டும். அதுவும் போதாமல் கைக்காசுக் கொழுந்துக்குப் போகிறவர்களும் உண்டு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்காகவோ அடகு வைத்த நகையை மீட்கவோ போகும் அந்தத் தாயை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். குடும்பத்தின் தேவை உண்மையான தேவையானால் திருச்சபையும் குற்றம் சொல்வதில்லை. ஆறு நாள் உழைப்பு ஏழு நாள் வயிற்றுக்குப் போதாமல் செய்கிற ஏற்பாட்டையே குற்றம் சொல்ல வேண்டும்.

தேயிலைச் செடிக்குக்கூட இளைப்பாற்றி உண்டு என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. ஒருமுறை கொழுந்து எடுத்த மலைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே அடுத்த சுற்று வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டி, துளிர்க்கும் வரை பல வாரங்கள் கைவைக்காமல் விடுகிறார்கள். ஓயாமல் பறித்தால் செடி செத்துப்போகும் என்று தோட்டக்காரனுக்குத் தெரியும். செடிக்குத் தெரிந்த நியாயம் அதைப் பறிக்கும் கைக்கும் உண்டல்லவா?

இங்கே பட்டணத்தில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உபாகமம் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கொழும்பிலும் பிற நகரங்களிலும் எத்தனையோ வீடுகளில் மலையகத்துப் பெண்கள் சமையலறையில் இருக்கிறார்கள். வீட்டார் நல்லுடுப்பு உடுத்திக் கோயிலுக்குப் போகையில், அவர்களில் ஒருத்தி மத்தியானச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டு நின்றால், அந்த வீடு ஞாயிறை அனுசரித்ததாகுமா? அவளுக்கும் ஓய்வு வேண்டும். கத்தோலிக்கப் பெண்ணானால் திருப்பலியும் வேண்டும். இதை நாம் மறைத்துப் பேசப் போவதில்லை.

இரண்டு விதமான மௌனம்

மௌனம் என்றதும் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். எல்லா மௌனமும் கடவுளிடமிருந்து வருவதல்ல. வாய்கட்டிய மௌனம் என்று ஒன்று உண்டு. மலையகத் தமிழருக்கு அது நன்கு தெரியும். 1948இல் குடியுரிமையை இழந்து, அதனால் வாக்கையும் இழந்து, நாட்டில் பேச உரிமையற்றவர்களாய் ஆக்கப்பட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த மௌனத்தைப் பார்த்து, பொறுமை என்று புகழ்வது பாவம்.

எரிக்கோ வழியில் குருடன் பர்த்திமேயு கூவியபோது, வாயை மூடு என்று கூட்டம் அதட்டியது. அதுவும் மௌனம் கேட்டதுதான். ஆனால் இயேசு நின்றார். அவனை அழைக்கச் சொன்னார். உனக்கு என்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்டார். அடக்கி வைக்கும் மௌனத்தை ஆண்டவர் உடைக்கிறார். கேட்கும் மௌனத்தையோ தாமே கடைப்பிடிக்கிறார். விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தவர், பகலில் அந்தக் குரலுக்காக நடுத்தெருவில் நின்றார். அதிகாலை மௌனம் இல்லாவிட்டால் நடுப்பகலில் அந்தக் குரல் காதில் விழுந்திருக்குமா?

நமது பதுளை மறைமாவட்டத்தின் பிறப்பிலேயே இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 1972இல் இம்மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பெனடிக்ட் சபையின் சில்வெஸ்திரியன் கிளையைச் சேர்ந்த துறவி. அதற்கு முன் கண்டியின் ஆயர். வளர்ந்த ஒரு மறைமாவட்டத்தை விட்டு, வசதி குறைந்த புதிய இடத்துக்கு வந்தார். 1982இல் இறக்கும்வரை ஏழைக் கிராமத்தவரின் குரலையும் தோட்ட மக்களின் குரலையும் கேட்ட ஆயர் என்றே நினைவுகூரப்படுகிறார். துறவு மடத்தில் காதைத் தீட்டியவர் ஊரின் அழுகையைக் கேட்டார். பெனடிக்ட் தம் சபைக்கு எழுதிய ஒழுங்கை, செவிசாய்த்துக் கேள் என்ற அழைப்போடு தொடங்குகிறார் என்பது இங்கே பொருத்தமாக இருக்கிறது.

மாளிகையும் லயமும்

ஹல்துமுல்லையிலிருந்து மேலே ஏறிப் போனால், ஹப்புத்தளையில் அடிஷாம் என்ற கல்வீடு இருக்கிறது. 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்தின் பாணியில் கட்டிய மாளிகை அது. இன்று அது பெனடிக்ட் துறவிகளின் மடம். துரை ஒருவரின் மாளிகையில் இன்று சங்கீதம் ஓதப்படுகிறது. விடுமுறை நாட்களில் அங்கே பெருங்கூட்டம். பூந்தோட்டத்தில் படம் பிடிக்கிறார்கள், துறவிகள் செய்கிற ஜாம் போத்தல்கள் வாங்குகிறார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் அந்த வீட்டில் விலையின்றிக் கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் மௌனம். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

அங்கே போகக்கூடியவர்கள் போகட்டும். லயத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதிலே மூன்று தலைமுறை. மெல்லிய சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி. இஸ்தோப்பில் பிள்ளைகள். மௌனத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வி இந்தச் சுவர்களுக்குள்ளிருந்து வருகிறது.

இதற்கு நமது மறுமொழி சூசையப்பர். நற்செய்தி முழுவதையும் புரட்டிப் பாருங்கள். அவர் பேசியதாக ஒரு வார்த்தையும் இல்லை. தச்சுத் தொழிலாளி. கைக்கூலியால் குடும்பம் நடத்தியவர். அவரிடம் மடமும் இல்லை, மாளிகையும் இல்லை. ஆண்டவர் அவரோடு எப்போது பேசினார்? மத்தேயு நான்கு தடவை சொல்கிறார்: உறக்கத்தில், கனவில். பகலெல்லாம் உளிச் சத்தத்தில் இருந்த மனிதனுக்கு ஓய்விலே கடவுளின் குரல் கேட்டது. எழுந்ததும் தர்க்கம் பண்ணாமல் செய்தார். 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே மாதம் முதலாம் திகதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். மேதின ஊர்வலத்தில் போகும் நம் தோட்டத் தொழிலாளர் இந்தத் தோழரையும் மறக்கலாகாது.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்து, காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். இங்கிருந்து நேரே பிலிப்பைன்ஸ் சென்றவர், மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது தம் அறையிலுள்ள ஒரு சுரூபத்தைப் பற்றிச் சொன்னார். உறங்குகிற சூசையப்பரின் சுரூபம் அது. ஏதாவது கவலை வந்தால் அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தச் சுரூபத்தின் கீழே வைத்துவிடுவாராம். உலகம் முழுவதின் பாரத்தைச் சுமந்த மனிதர் கவலையை வைக்க ஓர் இடம் வைத்திருந்தார். நமக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

சூசையப்பரின் மௌனத்துக்கு அறை தேவைப்படவில்லை. மனதில் ஒரு மூலை போதும். யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் துறவிகளும், தோட்டத்தில் கைவேலை செய்துகொண்டே மௌனத்தையும் இடைவிடாச் செபத்தையும் காத்தவர்களே. கை வேலை செய்யும்போது உள்ளம் ஆண்டவரிடத்தில் நிற்கலாம் என்பதற்கு அவர்கள் சாட்சி. கொழுந்து மலையில் நிரையிலே நின்று பத்து விரலும் ஓடும்போது பத்து அருள் நிறைந்த மந்திரங்கள் மனதில் ஓடாதா?

வீட்டில் தொடங்குவோம்

பெரிய தீர்மானங்கள் பத்து நாளில் செத்துப்போகும். ஆகவே சிறிய சில வழிகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, இரவுச் செபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருங்கள். விளக்கைத் தணித்துவிடுங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அதற்கு முன்னரே அணைந்திருக்கட்டும். அடுத்த வீட்டுச் சத்தம் கேட்கும், கேட்கட்டும். சத்தமே இல்லாத இடம் கல்லறை மட்டும்தான். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றையும் கேட்காதீர்கள். ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன் என்று மட்டும் இருங்கள். சிறுவன் சாமுவேல் அப்படித்தான் தொடங்கினான்.

இரண்டாவது, திருப்பலியில் நற்கருணை உட்கொண்ட பின் வரும் அமைதியைக் கொன்றுபோடாதீர்கள். 1963ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் உரிய நேரத்தில் புனித மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டது. பாடகர் குழுவினர் இதைச் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை மட்டும் பூசை காணும் தோட்டக் கோயில்களில் இந்தச் சில நிமிடங்கள் பொன்னுக்குச் சமம்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை தாய் ஓய்வெடுக்கட்டும். அன்று ஒரு வேளைச் சமையலைத் தகப்பனும் பிள்ளைகளும் செய்யட்டும். பீலிக்குத் தண்ணீருக்கு ஆண்பிள்ளை போனால் கௌரவம் குறையாது. மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொண்டார் என்று பெண்களுக்குப் பிரசங்கம் செய்கிறோம். மார்த்தாள் காலடியில் வந்து உட்காரும்படி, அடுப்படியில் அவளுக்குப் பதில் நிற்க எத்தனை ஆண்கள் எழும்பினோம்?

நான்காவது, சம்பள நாளிலும் ஞாயிறிலும் சாராயக்கடையில் தேடும் ஓய்வு ஓய்வல்ல. அது மறதி. ஓய்வெடுத்தவன் மறுநாள் பலத்தோடு எழும்புகிறான். மறதியை வாங்கியவன் கடனோடும் தலைவலியோடும் எழும்புகிறான். அந்த வீட்டில் மௌனம் இருக்கும். ஆனால் அது பயந்த பிள்ளைகளின் மௌனம்.

ஐந்தாவது, கேட்டபின் நடக்க வேண்டும். எலியாவை ஆண்டவர் குகையிலேயே வைத்திருக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தார். துணைக்கு எலிசேயுவையும் காட்டினார். தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக அழுதவனுக்கு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்று தெரிவித்தார். செபத்திலிருந்து எழும்பியதும் அயல் லயத்தில் விரிசல் விட்ட சுவர் கண்ணில் படவேண்டும். மழைக்காலம் வருமுன் அதைக் கிராம சேவகரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்ல நாலுபேரைக் கூட்ட வேண்டும். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் பர்த்திமேயுவைப்போல் இன்னும் உரக்கக் கூவவேண்டும். மீறியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்களுக்காக நாம் ஏற்றும் மெழுகுதிரி அப்போதுதான் பொருளுள்ளதாகும்.

அன்பர்களே, பேச்சு மலிந்துபோன காலத்தில் வாழ்கிறோம். அரசியலிலும் ஊரிலும், சில வேளைகளில் கோயிலிலும்கூட இரைச்சலே மிகுந்திருக்கிறது. ஆண்டவர் தம் குரலை உயர்த்திப் போட்டிக்கு நிற்க மாட்டார். நாம் நிற்கும்வரை காத்திருப்பார். களைத்தவர்களைத் தூங்கவிட்டு, தலைமாட்டில் அப்பத்தை வைத்துக் காத்திருப்பார். அந்த அப்பம் ஒவ்வொரு ஞாயிறும் நமது பீடத்தின்மேல் இருக்கிறது.

ஆண்டவரே, உழைத்துக் களைத்த எங்கள் தாய் தந்தையருக்கு இளைப்பாற்றி தாரும். எங்கள் வீட்டு இரைச்சலை அமர்த்தி, எங்கள் காதைத் திறந்தருளும். பேச முடியாமல் அடங்கிக் கிடப்பவர்களின் குரலில் உமது குரலை நாங்கள் அறிந்துகொள்ளச் செய்தருளும். மலையின் மடியில் உறங்கும் எம் சகோதரருக்கு உமது நித்திய ஓய்வைத் தந்தருளும். ஆமென்.